கொதிக்க வச்சா சரியாயிடும்!

போன வாரம் கராஜை ஒழிச்சே ஆகணும்னு தங்கமணி ஆர்டர் போட்டுட்டாங்க. ரெண்டு வருஷமா தள்ளிப்போட்ட ஆணி. வேற வழியில்லாம இறங்கினேன். பழைய டயர், உடைஞ்ச சூட்கேஸ், பாப்பாவோட தொட்டில் எல்லாத்தையும் நகர்த்திட்டுப் பார்த்தா, மூலையில தூசி படிஞ்ச ஒரு கேலன் கேன். அதுல முழுசா தண்ணி!

"அப்பா, இது என்ன தண்ணி? ஏன் இங்க இருக்கு?" கூட நின்ன பொண்ணு கேட்டா.

"உனக்கு அஞ்சு மாசமா இருந்தப்போ பிடிச்சு வச்சது"ன்னு சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. அப்புறம் உட்கார வச்சு கொசுவத்தி சுத்தினேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது ஒஹையோ மாநிலத்துல, டொலிடோ ஊருக்குப் பக்கத்துல. வடக்க கொஞ்ச தூரம் போனா ஈரி ஏரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்கற அஞ்சு பேரேரிகள்ல ஒண்ணு. ஏரின்னு சொன்னா நம்ம ஊர் ஏரியை நினைக்காதீங்க. கரையில நின்னா எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும். டொலிடோவுக்கும் சுத்துப்பட்டு ஊர்களுக்கும் குடிதண்ணி அங்கிருந்துதான்.

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. பாப்பாவைப் பார்த்துக்க அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க. அமெரிக்கா வந்தாலும் அம்மாவுக்கு மன்னார்குடி பக்கத்து கிராமத்து டைம்தான். அஞ்சு மணிக்கு எழுந்துடுவாங்க. எழுந்ததும் முதல் வேலை, பெரிய பாத்திரத்துல தண்ணி வச்சு தளதளன்னு கொதிக்க விட்டு, ஆற வச்சு, பாட்டில்லயும் பிளாஸ்க்லயும் ஊத்தி வைக்கறது. "இங்க குழாய்த் தண்ணியே சுத்தம்மா"ன்னு நானும் ஏப்ரல்லேருந்து சொல்லிப் பார்த்துட்டேன். "இருக்கட்டும்டா, கொதிக்க வச்சா ஒரு தொல்லையும் இல்ல பாரு"ம்பாங்க. அதுக்கு மேல யாரு பேசறது?

காலைல ஏழரைக்கு போன். பௌலிங் கிரீன்ல இருக்கற நண்பன்.

"மச்சி, தண்ணி குடிச்சியா?"

"காலங்காத்தால கேக்கற கேள்வியாடா இது?"

"டேய், விளையாடாதே. நியூஸ் பாரு. குழாய்த் தண்ணியை யாரும் தொடாதீங்க."

டிவியைப் போட்டேன். ராத்திரி நாங்க தூங்கிட்டிருந்தப்பவே அறிவிப்பு வந்திருக்கு. டொலிடோ தண்ணியைக் குடிக்காதீங்க, சமைக்காதீங்க, பல் விளக்காதீங்க. அதுக்குக் கீழ இன்னொரு வரி: கொதிக்க வைக்காதீங்க. கொதிக்க வச்சா இன்னும் மோசமாகும்.

அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் மெதுவா சமையலறைப் பக்கம் திரும்பினேன். சிங்க்ல பாப்பாவோட பால் பாட்டில், காலியா.

"அம்மா, பாப்பாவுக்குப் பால் கொடுத்துட்டியா?"

"ஆறு மணிக்கே கொடுத்துட்டேனே. ஏண்டா?"

"எந்தத் தண்ணில கலக்குன?"

"கொதிக்க வச்சதுலதான். வேற எதுல கலக்குவேன்?"

எனக்கு வயித்துல என்னவோ பண்ணுச்சு. தங்கமணிகிட்ட சொல்லவே பயம். சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசாம பாப்பாவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. குழந்தை டாக்டரோட நர்ஸுக்குப் போன் போட்டோம். வாந்தி, பேதி, சோர்வு இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருங்க, இருந்தா உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க.

அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. "ஏண்டா, நல்லா கொதிக்க வச்ச தண்ணிடா. அதுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

நியாயமான கேள்விதானே? டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைன்னு எது வந்தாலும் தலைமுறை தலைமுறையா நமக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே வைத்தியம் அதுதானே. ஆனா இங்க பிரச்சினை கிருமி இல்ல, கிருமி கக்கின விஷம்.

ஏரியில பச்சையா படர்றதை நாம பாசின்னு சொல்றோம். உண்மையில அது நீலப்பச்சைப் பாக்டீரியா. செடி மாதிரி வெயில்ல சமைச்சு சாப்பிடற பாக்டீரியா. ஈரி ஏரியில இருக்கற ஆளோட பேரு மைக்ரோசிஸ்டிஸ். அது தயாரிக்கற விஷம் மைக்ரோசிஸ்டின். நேரா கல்லீரலைத் தாக்கும். ஏழு அமினோ அமிலம் கைகோத்து வளையமா நிக்கற கட்டமைப்பு. அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அது அசையாது. கொதிக்க விட்டா பாக்டீரியா வேணா செத்துடும். ஆனா அது வெடிச்சு உள்ள இருக்கற விஷமும் தண்ணியில கலந்துடும். தண்ணி ஆவியாகிப் போகும், விஷம் பாத்திரத்துலயே தங்கும். குழம்பை சுண்ட வச்சா உப்பு ஏறுமே, அதே கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு வச்சிருக்கற அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். நம்ம கணக்குல சொன்னா, 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி எண்பது சொச்சம் வரிசையா நிக்குது, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம்! அதைத் தாண்டிடுச்சுன்னுதான் 4 லட்சம் பேருக்கும் மேல குடிக்காதீங்கன்னு சொன்னாங்க.

இதையெல்லாம் நான் அம்மாகிட்ட விளக்கியிருக்கவே கூடாது. அறிவாளி மாதிரி விளக்கிட்டேன். அம்மா அடுப்பு கிட்ட நின்னுக்கிட்டு, "அப்போ நான்தான் பிள்ளைக்கு விஷத்தைக் காய்ச்சிக் கொடுத்தேனா?"ன்னாங்க. எனக்குப் பதில் வரல. தங்கமணிதான், "அப்படியெல்லாம் இல்ல அத்தை. நான் எழுந்திருந்தாலும் அதே தண்ணியிலதான் கலக்கியிருப்பேன்"னு சொல்லி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

கடைக்கு ஓடினேன். தண்ணி பாட்டில் இருந்த வரிசை மொத்தமும் துடைச்சு வச்ச மாதிரி காலி. ஜனங்க மிச்சிகன் வரைக்கும் காரை விரட்டிட்டிருந்தாங்க. மாநிலம் அவசரநிலை அறிவிச்சு, ராணுவ உடையில ஆளுங்க வந்து தண்ணி கொடுத்தாங்க. உலகத்துலயே பெரிய நன்னீர்த் தொகுதி பக்கத்துல குடியிருந்துக்கிட்டு, ஒரு குடம் தண்ணிக்கு அலைஞ்சோம்! மெட்ராஸ்ல குடத்தோட லாரிக்கு நின்ன ஞாபகம் வந்துச்சு. அங்க தண்ணி இல்லாம நின்னோம். இங்க கண்ணுக்கெட்டின தூரம் தண்ணிய வச்சுக்கிட்டு நின்னோம்.

பௌலிங் கிரீனுக்கு தனி சுத்திகரிப்பு நிலையம், அங்க பிரச்சினை இல்ல. நண்பன் வீட்டுக்குப் போய் கையில கிடைச்ச கேன்ல எல்லாம் பிடிச்சுட்டு வந்தேன். கராஜ்ல கிடைச்சது அதுல ஒண்ணுதான்.

திங்கட்கிழமை காலைல தடை நீங்குச்சு. ஊர் மேயர் டிவி முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சுக் காட்டினார். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அந்த ரெண்டரை நாளும் அம்மா தூங்கல. தொட்டில் பக்கத்துல உட்கார்ந்து அரைமணிக்கு ஒருதரம் பிள்ளையோட நெத்தியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. தடை நீங்கின பிறகும் பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணி தரவே இல்ல.

அடுத்த சனிக்கிழமை, "அந்த ஏரியை எனக்குக் காட்டு"ன்னாங்க. மாமி பே பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். (மாமின்னா நம்ம மாமி இல்லீங்க, அந்தப் பக்கம் ஏரியில கலக்கற ஆத்தோட பேரு :-)) கரையோரம் யாரோ டின் டின்னா பச்சை பெயிண்டைக் கொட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. அலை கூட சோம்பேறித்தனமா, கஞ்சி மாதிரி புரண்டுச்சு. வாடை வேற.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னாங்க. "நம்ம ஊர் குட்டை சித்திரை வெயில்ல இப்படித்தான்டா பச்சையா போகும். அப்போ மாட்டைக் கூட இறக்க விட மாட்டாரு உங்க தாத்தா. ஆனா இது பனி கொட்டற ஊருன்னு சொன்னியே. இங்க ஏன்டா?"

அந்த "இங்க ஏன்டா?"வுக்கு பதில் தேடித்தான் அதுக்கப்புறம் நிறைய படிச்சேன். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நான் விஞ்ஞானி இல்ல, கம்ப்யூட்டர் பொட்டி தட்டறவன்.

பாசிக்கு மூணு வேணும். சாப்பாடு, சூடு, அசையாத தண்ணி.

சாப்பாடுன்னா முக்கியமா பாஸ்பரஸ். 1960கள்ல சாக்கடையும், சோப்புத்தூள்ல இருந்த பாஸ்பேட்டும் கலந்து இந்த ஏரியே செத்துப்போச்சுன்னு பத்திரிகைகள் எழுதுச்சு. 1969ல கிளீவ்லண்ட்ல, இதே ஏரியில கலக்கற கயஹோகா ஆறு தீப்பிடிச்சே எரிஞ்சுது. 1972ல அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சாக்கடையைச் சுத்திகரிச்சு, சோப்புத்தூள்ல பாஸ்பேட்டைக் குறைச்சாங்க. 1980கள்ல ஏரி பிழைச்சுக்கிச்சு! டாக்டர் சூஸ் 1971ல எழுதின 'லோராக்ஸ்' குழந்தைகள் புத்தகத்துல ஈரி ஏரியைப் பத்தி ஒரு குத்தல் வரி இருந்துச்சு. ஏரி தேறினதும், இங்கிருந்து கடிதம் எழுதிக் கேட்டாங்க, பின்னாடி வந்த பதிப்புகள்ல அந்த வரியை எடுத்துட்டார். எங்க வீட்டுல இருக்கற புத்தகத்துலயும் அந்த வரி இல்ல.

அதாவது வைத்தியம் பலிச்சுது. அப்புறம் ஏன் திரும்ப வந்துச்சு?

1990களோட நடுவுலேருந்து வயல்லேருந்து வர்ற, தண்ணியில கரைஞ்ச பாஸ்பரஸ் ஏற ஆரம்பிச்சுது. மாமி ஆத்துப் படுகை பூரா சோளமும் சோயாவும்தான். ஒரு காலத்துல பெரிய சதுப்புக்காடா இருந்த பூமி. 19ம் நூற்றாண்டுல வடிகால் வெட்டி விளைநிலமா மாத்தினாங்க. இன்னைக்கும் வயலுக்கு அடியில குழாய் ஓடுது. மழை பெஞ்சா தண்ணி உரத்தையும் மாட்டு, பன்னிப் பண்ணை எருவையும் கரைச்சுக்கிட்டு குழாய் வழியா ஆத்துக்கு, ஆத்துலேருந்து ஏரிக்குப் போய் சேந்துடும். ஏரியோட மேற்குப் பகுதி சராசரியா 24 அடிதான் ஆழம். சீக்கிரம் சூடாகும்.

இங்கதான் பருவநிலை மாற்றம் வருது. அது புதுசா ஒரு வியாதியைக் கொண்டு வரல. இருக்கற வியாதிக்கு அடுப்பு மூட்டுது.

முதல்ல மழை. காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் அதிகமா ஈரத்தைத் தாங்கும். அதனால பெய்யறப்போ கொட்டித் தீர்க்குது. வசந்தகாலத்துல, உரம் போட்ட வயல்ல கொட்டினா, அது ஏரிக்கு வைக்கற விருந்து. மார்ச்லேருந்து ஜூலை வரைக்கும் மாமி ஆறு எவ்வளவு பாஸ்பரஸ் கொண்டு வருதுன்னு பார்த்தே அந்த வருஷம் பாசி எவ்வளவு வரும்னு கணிக்கறாங்க. 2011ல வசந்தம் முழுக்க மழை, அதுவரைக்கும் பார்க்காத அளவுக்குப் பாசி. 2012ல வறட்சி, பாசி கொஞ்சம்தான். 2015ல ஜூன் மாசம் கொட்டுச்சு, 2011ஐயும் தாண்டிடுச்சு.

அடுத்தது சூடு. சாதாரண பாசிங்க பல குளிர்ந்த தண்ணியில நல்லா வளரும். மைக்ரோசிஸ்டிஸுக்கு 25 டிகிரிக்கு மேல போனாத்தான் கொண்டாட்டம். மேல்தண்ணி சூடானா லேசாகி, கீழ இருக்கற குளிர்ந்த தண்ணியோட கலக்காம தனி அடுக்கா நிக்கும். இந்த ஆளுக்கு உடம்புக்குள்ள குட்டிக் குட்டி காத்துப்பை இருக்கு. அதை வச்சு மிதந்து மேல வந்து வெயிலை மொத்தமா பிடிச்சுக்கும், மத்த பாசிங்க கீழ இருட்டுல கிடக்கும். போதாததுக்கு அந்தப் பச்சைப் படலம் வெயிலை உறிஞ்சி தண்ணியை இன்னும் சூடாக்கும். தனக்கு வேண்டிய அடுப்பைத் தானே ஊதிக்கற ஜாதி.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். அன்னைக்கு எங்க குழாய்ல விஷம் வந்ததுக்கு பருவநிலை மாற்றம்தான் காரணம்னு ஒத்தை விரலை நீட்ட முடியாது. 2014 பாசி, 2011, 2015 அளவுக்குப் பெருசே இல்ல. காத்து அதை, ஊருக்குத் தண்ணி உறிஞ்சற இடத்துக்கே தள்ளிட்டு வந்துடுச்சு. அதுவுமில்லாம பாப்பா பொறந்த அந்தக் குளிர்காலம் எலும்பை உறைய வச்ச குளிர். மார்ச் மாசம் அஞ்சு ஏரியிலயும் சேர்த்து 90 சதவீதத்துக்கு மேல பனிக்கட்டி மூடியிருந்துச்சு. ஆபீஸ்ல ஒருத்தர், "பூமி சூடாகுதாமே, எங்க?"ன்னு அப்போ கிண்டல் பண்ணினார். ஒரு குளிர்காலத்தை வச்சும் சொல்ல முடியாது, ஒரு ஆகஸ்டை வச்சும் சொல்ல முடியாது. ஆனா தாயக்கட்டையை யாரோ ஒரு பக்கமா தேய்ச்சு வச்ச மாதிரி, கெட்ட ஆட்டம் அடிக்கடி விழற மாதிரி ஆகிட்டு வருது.

எங்க ஊர் மட்டும் இல்ல. 2007ல சீனாவுல தாய்ஹு ஏரி இப்படி ஆகி, ஊஷி நகரத்துல 20 லட்சம் பேர் தண்ணிக்குத் தவிச்சாங்க. 2023ல வட அயர்லாந்துல லாக் நே ஏரி பச்சையாச்சு. அந்த நாட்டோட குடிதண்ணில கிட்டத்தட்ட 40 சதவீதம் அங்கிருந்துதான். மூணு ஊர், மூணு விதமான விவசாயம், ஒரே பச்சை.

அப்போ என்னதான் பண்றது? பாஸ்பரஸை 2025க்குள்ள 40 சதவீதம் குறைக்கறதா ஒஹையோ, மிச்சிகன், ஒன்டாரியோ மூணும் 2015ல ஒத்துக்கிச்சு. வருஷம் வந்துச்சு, போச்சு. இலக்கு எட்டல. 2019ல டொலிடோ ஜனங்க ஏரிக்கே சட்ட உரிமை கொடுக்கணும்னு ஓட்டுப் போட்டு ஜெயிச்சாங்க. 2020ல கோர்ட்ல அது நிக்கல. விவசாயிங்களைத் திட்டறதும் சுலபம், ஆனா அவங்கள்ல பலர் மண் அரிக்கக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல உழாம விதைச்சாங்க. அதனாலயே உரம் மேல்மண்ணுலயே தங்கி மழையில கரையுதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஒரு நல்ல வைத்தியம் இன்னொரு இடத்துல வியாதி. எங்கம்மா தண்ணி காய்ச்சின மாதிரியேதான்.

எனக்கு உறுத்தறது இதுதான். 1972ல பாஸ்பரஸைக் குறைச்சோம், ஏரி பிழைச்சுது. திரும்பவும் அதைத்தான் பண்ணணும், வேற மந்திரம் கிடையாது. ஆனா இப்போ அடியில நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அன்னைக்குப் போதும்னு இருந்த அளவு, சூடான ஏரிக்கு, கொட்டற மழைக்குப் போதாது. நெருப்பைத் தணிக்காத வரைக்கும் உரத்தை இன்னும் இன்னும் குறைச்சுக்கிட்டே போகணும். தணிக்கற வேலை டொலிடோவால மட்டும் ஆகறது இல்ல. தினம் 40 மைல் கார் ஓட்டற நானும் அதுல ஒரு சுள்ளி போடறவன்தான்.

கதையைக் கேட்டுட்டு பொண்ணு கேட்டா, "அப்போ நான் அந்தத் தண்ணியைக் குடிச்சேனா?"

"குடிச்ச. ஒண்ணும் ஆகல."

"பாட்டிக்குத் தெரியுமா ஒண்ணும் ஆகலன்னு?"

தெரியும், ஆனா தெரியாது. அம்மா இப்போ ஊர்லதான் இருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் பொறந்தா தவறாம போன் வரும். சாப்டியா, பிள்ளைங்க எப்படின்னு கேட்டுட்டு, கடைசில ரொம்ப சாதாரணமா, "ஏரி எப்படிடா இருக்கு? பச்சையாச்சா?"ம்பாங்க. அந்த நேரம் பெரும்பாலும் பச்சையாத்தான் இருக்கும். "கொஞ்சம்தாம்மா, குழாய்த் தண்ணியைத் தினம் சோதிக்கறாங்க, கரித்தூள் போட்டு சுத்தம் பண்றாங்க"ம்பேன்.

அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, கராஜ்ல அந்தக் கேன் கிடைச்சுதுன்னு சொன்னேன்.

"கொட்டிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. பழைய தண்ணி, குடிக்கவா முடியும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "குடிக்க வேணாம். இருக்கட்டும்."

தூசியைத் துடைச்சு மறுபடி மூலையிலயே வச்சிருக்கேன். தங்கமணியும் ஒண்ணும் சொல்லல.

உங்க ஊர் ஏரி, குளமெல்லாம் எப்படி இருக்கு மக்களே? சித்திரையில மட்டும் பச்சையா, இல்ல வருஷம் பூராவுமா? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.